பனங்கொட்டையும் நானும்



2023 டிசம்பர் 17, 18 மழையை நாம மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். எத்தனையோ குளம் உடைஞ்சது. கடல் சூடாகச் சூடாக மழை இப்படித்தான் மொத்தமாக் கொட்டுமாம். அதுக்கப்புறம் ராத்திரி தூறல் சத்தம் கேட்டாலே எனக்குத் தூக்கம் போயிரும்.

2021இல் கிளாஸ்கோ மாநாட்டில் திருவண்ணாமலை வினிஷா, பள்ளிக்கூடப் பிள்ளை, உலகத் தலைவர்கள் முன்னால பேசினா. நமக்கு மேடை குளக்கரைதான். அடுத்த புரட்டாசியில் எங்க குழுவில் பன்னிரண்டு பேர் பனங்கொட்டை பொறுக்கி, கரை நெடுக ஊன்றினோம். பனை வேர் மண்ணை விடாமப் பிடிக்கும்.

பல மாசம் மேலே ஒண்ணுமே தெரியாது. முதல்ல கிழங்கு கீழே இறங்கும், பிறகுதான் ஓலை. முதல் ஓலையைப் பார்த்த அன்னைக்கு, சொன்னா சிரிப்பீங்க, பீடித்தட்டை அப்படியே வச்சுட்டு மறுபடியும் கரைக்கு ஓடினேன். நான் சுத்துத பீடியைக் கடையில எண்ணுவாங்க. இதை நான் எண்ணுதேன். இப்பம் மழைச் சத்தம் கேட்டா, கன்று நனையுமேன்னுதான் முதல்ல தோணுது.

"ஏட்டி, அது காய்க்கப் பதினஞ்சு வருஷம் ஆகுமே"ன்னு எங்க அத்தை கேட்டாங்க. ஆகட்டும் அத்தை, என் மகள் பறிப்பான்னேன். மறுநாள் அவங்களே மடியில நாலு கொட்டை கொண்டு வந்தாங்க.

மேற்குக் கரை இன்னும் வெறுசாக் கிடக்கு. வர்ற புரட்டாசிக்கு எந்தக் குழு வாரீங்க?