மையக்கருத்தும் நீதியும் ஒன்றல்ல
(குறுவள மையக் கூட்டத்தில் ஆசிரியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



2021 நவம்பர் 12 அன்று தேசிய அடைவு ஆய்வு 3, 5, 8, 10 ஆம் வகுப்புகளுக்கு நடந்தது. 2025 பிப்ரவரியில் நம் மாநில அடைவுத் தேர்வு 3, 5, 8 ஆம் வகுப்புகளுக்கு நடந்தது. இத்தகைய தேர்வுகளின் மொழிப் பகுதியில் ஒரு பத்தியும் அதன் கீழ் நான்கு விடைகள் கொண்ட வினாக்களும் இருக்கும். 'யார்?', 'எங்கே?', 'எப்போது?' என்ற வினாக்களுக்கு நம் பிள்ளைகள் விரைவாக விடையளிக்கிறார்கள். 'இப்பத்தியின் மையக்கருத்து யாது?' என்றால் தயங்குகிறார்கள். ஏன் என்பதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

ஒரு சிறு பத்தியை எடுத்துக்கொள்வோம்.

"பனையின் நுங்கு கோடையில் தாகம் தணிக்கும். பதநீரைக் காய்ச்சினால் கருப்பட்டி கிடைக்கும். ஓலையில் கூடையும் விசிறியும் முடையலாம். ஆனால், பனையேறத் தெரிந்தவர்கள் குறைந்துவிட்டார்கள். அதனால் பல ஊர்களில் பனைகள் இருந்தும் பதநீர் கிடைப்பதில்லை."

விடைகள் நான்கு:
(அ) நுங்கு கோடைத் தாகத்தைத் தணிக்கும்.
(ஆ) மரங்கள் மனிதருக்குப் பல வகையில் பயன்படுகின்றன.
(இ) பனைமரங்களை வெட்டாமல் பாதுகாக்க வேண்டும்.
(ஈ) பனையேறுவோர் குறைந்ததால் பனையின் பயன் முழுமையாகக் கிடைப்பதில்லை.

சரியான விடை (ஈ). ஆனால் தவறான மூன்றும் ஒரே வகைத் தவறுகள் அல்ல. (அ) பத்தியில் உள்ளதுதான். ஆனால் ஒரு வரிக்கு மட்டுமே பொருந்தும். (ஆ) பத்தியைவிடப் பெரியது. வேப்பமரத்தைப் பற்றிய பத்திக்கும் அது பொருந்தும். (இ) நல்ல கருத்து. ஆனால் மரம் வெட்டுவதைப் பற்றிப் பத்தியில் ஒரு சொல்கூட இல்லை.

நன்றாகப் படிக்கும் பிள்ளைகளை ஈர்ப்பது இந்த (இ)தான். 'இக்கதை உணர்த்தும் நீதி யாது?' என்று நாம் ஆண்டுதோறும் கேட்கிறோம். எதைப் படித்தாலும் நல்லொழுக்க வாக்கியம் ஒன்றைத் தேட வேண்டும் என்று பிள்ளை பழகிவிடுகிறது. நீதி என்பது படித்தபின் நாம் எடுத்துக்கொள்வது. மையக்கருத்து என்பது எழுதியவர் சொன்னது. இந்த வேறுபாட்டை நாம் வகுப்பில் வெளிப்படையாகச் சொல்லித்தர வேண்டும்.

எப்படிச் சொல்லித்தருவது? முதலில் விடைகளை மறைத்துவிடுங்கள். பத்தியைப் படித்ததும் இரண்டு வினாக்கள் கேளுங்கள். 'எதைப் பற்றிய பத்தி?' 'பனை' என்பார்கள், அது தலைப்பு. 'பனையைப் பற்றி என்ன சொல்கிறது?' இதற்குப் பிள்ளை தன் சொந்த வாக்கியத்தில் சொல்வதே மையக்கருத்து. அதன்பிறகே நான்கு விடைகளையும் காட்டுங்கள்.

அடுத்து, ஒவ்வொரு வரியாக நீக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். நுங்கு வரியை எடுத்துவிட்டாலும் பத்தி நிற்கும். 'ஆனால்' என்று தொடங்கும் வரியை எடுத்தால் பத்தி சொல்ல வந்ததே போய்விடும். 'ஆனால்', 'எனினும்', 'ஆகவே' போன்ற சொற்களின் கீழ் கோடிடும் பழக்கம் இங்கே கைகொடுக்கும்.

'மையக்கருத்து முதல் வரியில் இருக்கும், இல்லையென்றால் கடைசி வரியில் இருக்கும்' என்று குறுக்குவழி சொல்லித்தர வேண்டாம். நம் பத்தியின் முதல் வரி (அ) விடைக்குத்தான் கொண்டுபோய்விடும். கடைசி வரியோ பதநீரோடு நின்றுவிடுகிறது.

இதற்கெனத் தனிப் பாடவேளை தேவையில்லை. பொருத்தமான தலைப்பிடுதல், மூன்றில் ஒரு பங்காகச் சுருக்கி எழுதுதல் ஆகிய பயிற்சிகள் நம்மிடம் நெடுங்காலமாக உள்ளன. மதிப்பெண்ணுக்காக மட்டும் செய்துவந்த அவற்றைப் படித்துப் புரிந்துகொள்ளும் பயிற்சியாகச் செய்தால் போதும். தொடக்க வகுப்புகளில் வாய்மொழியாகவே நடத்தலாம். அறிவியல், சமூக அறிவியல் ஆசிரியர்களும் ஒரு பத்தி முடிந்ததும் 'இது என்ன சொல்கிறது?' என்று கேட்கலாம்.

பயிற்சித் தாளைத் திருத்தும்போது சரி, தவறு என்று மட்டும் குறிக்காமல், எந்த விடையை எத்தனை பேர் தேர்ந்தெடுத்தார்கள் என்று எண்ணுங்கள். (அ) என்றவர்களிடம், 'மற்ற வரிகள் எதற்காக வந்தன?' என்று கேளுங்கள். (ஆ) என்றவர்களிடம், 'இந்தப் பத்திக்கு மட்டும் பொருந்துகிறதா?' என்று கேளுங்கள். (இ) என்றவர்களிடம், 'இது எந்த வரியில் இருக்கிறது? விரல் வைத்துக் காட்டு' என்று சொல்லுங்கள். விரல் வைக்க இடம் இல்லாதபோது பிள்ளைக்கே புரிந்துவிடும்.

இது ஒரு மதிப்பெண்ணோடு முடியும் செய்தி அல்ல. நாளை இந்தப் பிள்ளைகள் கடன் பத்திரத்தையும், மருந்துச் சீட்டையும், கைபேசியில் வரும் செய்தியையும் படிக்கப் போகிறார்கள். அங்கே எழுதியிருப்பது எது, தாம் நினைத்துக்கொண்டது எது என்று பிரித்தறியத் தெரியாவிட்டால், ஏமாற்றுபவர்களுக்கு எளிதாகிவிடும். அந்தப் பிரித்தறியும் திறனை நம் வகுப்பறையிலேயே வளர்ப்போம்.