திறந்த கதவும் பூட்டிய பதிவேடும்

(நெய்வேலியில் நடைபெற்ற சங்க வெள்ளி விழாவில், அரசு உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் ஒரு மர அலமாரியுடன் தொடங்கிய நம் படிப்பகம் இப்போது கணினிக்கு மாறவிருக்கிறது. அதன் நன்மைகளைப் பற்றிப் பேசுமாறு செயற்குழுவினர் என்னைப் பணித்தார்கள். நன்மைகளை என்னைவிட நம் இளைஞர்கள் நன்கறிவார்கள். ஆகவே அதிகம் பேசப்படாத ஒன்றை, நூலக மென்பொருளில் உள்ள பாதுகாப்புக் குறைகளை, எடுத்துக்கொள்கிறேன். மாற்றத்தைத் தடுப்பதற்காக நான் இதைப் பேசவில்லை. அது நம் பிள்ளைகளுக்குத் தீங்கின்றி நடைபெற வேண்டும் என்பதே என் நோக்கம்.

நூலகம் நமக்கு எளிதில் வாய்த்த பொருளன்று. எழுத்தும் ஏடும் நம் முன்னோருக்கு நெடுங்காலம் மறுக்கப்பட்டன. அண்ணல் அம்பேத்கர் பம்பாய் தாதரில் கட்டிய 'ராஜகிருகம்' என்னும் இல்லத்தில் தம் நூல்களுக்கே பெரும் இடம் ஒதுக்கினார். சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் 1948ஆம் ஆண்டில் நம் சென்னை மாகாணத்தில்தான் இயற்றப்பட்டது. சாதி கேளாமல் எவரும் உள்ளே வந்து அமர்ந்து படிக்கலாம் என்னும் உரிமையை நிலைநாட்டிய இடங்களுள் பொது நூலகமும் ஒன்று. அந்தக் கதவு என்றென்றும் திறந்தே இருக்க வேண்டும். ஆயினும் திறந்திருக்க வேண்டியது எது, பூட்டியிருக்க வேண்டியது எது என்பதை நாம் தெளிவாகப் பிரித்தறிய வேண்டும்.

நூலகத்தில் மூன்று பதிவேடுகள் உண்டு. என்னென்ன நூல்கள் உள்ளன என்று கூறும் நூற்பட்டியல் ஒன்று. உறுப்பினர்களின் பெயர், முகவரி, தொலைபேசி எண் அடங்கிய பதிவேடு மற்றொன்று. யார் எந்த நூலை எப்போது எடுத்தார் என்னும் வழங்கல் பதிவேடு மூன்றாவது. முதலாவது உலகறியத் திறந்திருக்க வேண்டியது; மற்ற இரண்டும் பூட்டியிருக்க வேண்டியவை. முன்பு இவை மூன்று தனித்தனிப் புத்தகங்கள். நூலகர் இரண்டை மேசை அறைக்குள் வைத்துப் பூட்டிவிடுவார். கணினியிலோ மூன்றும் பெரும்பாலும் ஒரே களஞ்சியத்தில் இருக்கின்றன. எல்லாரும் பார்க்கும் பட்டியலுக்கும் எவரும் பார்க்கக் கூடாத பதிவேட்டிற்கும் இடையே நிற்பது மென்பொருள் எழுப்பிய ஒரு சுவர் மட்டுமே. அச்சுவரில் ஓட்டை விழுந்தால், புத்தகம் தேட வந்தவன் பதிவேட்டையும் எடுத்துச் செல்வான்.

ஓட்டை எவ்வாறு விழுகிறது? பள்ளிக்கூடத்து உதாரணம் ஒன்று கூறுகிறேன். ஒரு மாணவன் விடுப்பு விண்ணப்பம் எழுதுகிறான். "எனக்குக் காய்ச்சல், இரண்டு நாள் விடுப்பு வேண்டும்" என்று எழுதி, அதன் கீழேயே "இன்று பள்ளிக்கு விடுமுறை, மணியை அடிக்கவும்" என்றும் எழுதிவிடுகிறான். எது மாணவனின் வேண்டுகோள், எது தலைமையாசிரியரின் ஆணை என்று பிரித்தறியாத ஊழியர் மணியை அடித்துவிட்டால் பள்ளியே கலைந்துவிடும் அல்லவா? சரியாக எழுதப்படாத மென்பொருளும் அவ்வாறே ஏமாறுகிறது. நூலின் பெயரைக் கேட்கும் கட்டத்தில் பெயருக்குப் பதிலாகக் கணினிக்குரிய ஆணையை எழுதினால், அது அந்த ஆணைக்குக் கீழ்ப்படிந்து உறுப்பினர் பட்டியலைக் கொண்டுவந்து கொட்டிவிடுகிறது. இது ஒருவகை. பொதுமக்களுக்குரிய கோப்பைக் கேட்பதுபோல் கேட்டு, அங்கிருந்து உள்ளறைகளுக்கு நடந்துசென்று வேறு கோப்புகளைப் படித்துவருவது மற்றொரு வகை.

இவை கற்பனையல்ல. நம் செயற்குழு தேர்ந்தெடுத்துள்ள 'கோஹா' என்னும் மென்பொருளையே எடுத்துக்கொள்வோம். நியூசிலாந்து நாட்டின் ஹோரோஃபெனுவா நூலகங்களுக்காக 1999ஆம் ஆண்டில் எழுதப்பட்டு, 2000ஆம் ஆண்டு ஜனவரியில் பயன்பாட்டிற்கு வந்தது அது. எவரும் விலையின்றிப் பெறலாம். அதன் மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம். தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் பல கல்லூரி நூலகங்கள் அதைப் பயன்படுத்துகின்றன. 2015ஆம் ஆண்டில் வியன்னா நகரத்து ஆய்வாளர்கள் அதைச் சோதித்து, நான் கூறிய இருவகை ஓட்டைகளையும் வேறு சிலவற்றையும் கண்டறிந்து, அதை உருவாக்குவோருக்குத் தெரிவித்தனர். திருத்திய பதிப்புகளும் அவ்வாண்டிலேயே வெளிவந்தன. ஆகவே கோஹா கெட்ட மென்பொருள் என்று எவரும் எண்ணவேண்டாம். குறையை மறைக்காமல் வெளியிட்டுத் திருத்துவது அதன் பெருமையே. ஆனால் திருத்தம் வெளியாகும் நாளில், ஓட்டை எங்கே இருந்தது என்பது திருடனுக்கும் தெரிந்துவிடுகிறது. அதன் பிறகும் பழைய பதிப்பையே வைத்திருக்கும் நூலகம், முன்னிலும் கூடுதலான ஆபத்தில் நிற்கிறது.

'கோஹா' என்பது மாவோரி மொழிச் சொல். அன்பளிப்பு என்று பொருள். பெற்றவர் ஒருநாள் திருப்பிச் செய்யவேண்டிய கடமையும் அச்சொல்லில் அடங்கியிருக்கிறது. நம் ஊரில் அதை மொய் என்போம். மொய் வாங்கியவன் நோட்டுப் புத்தகத்தைத் தொலைத்துவிட்டு உட்கார முடியாது. விலையில்லாமல் கிடைத்தது என்பதற்காகக் கவனமில்லாமல் இருந்துவிடக் கூடாது.

பணமும் படிப்பும் மிகுந்த இடத்தில் இதெல்லாம் நேராது என்று சிலர் நினைக்கலாம். 2023ஆம் ஆண்டு அக்டோபர் 28ஆம் நாள் லண்டனிலுள்ள பிரிட்டிஷ் நூலகம் தாக்கப்பட்டது. ஏறத்தாழ 600 ஜிகாபைட் தரவுகள் களவாடப்பட்டன. பணம் கேட்டு மிரட்டினார்கள். நூலகம் கொடுக்க மறுத்தது. ஊழியர், வாசகர் விவரங்கள் வெளியே கொட்டப்பட்டன. நூற்பட்டியலைத் தேடும் வசதி 2024 ஜனவரி 15ஆம் நாள்தான் மீண்டது. வெளி ஒப்பந்ததாரர்கள் நுழைவதற்காக வைத்திருந்த ஒரு வழியில், கடவுச்சொல்லுக்கு மேல் இரண்டாவது சரிபார்ப்பு இல்லாததே பெரும்பாலும் காரணமாக இருந்திருக்கும் என்று அந்நூலகமே 2024 மார்ச்சில் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. அதே 2023 அக்டோபரில் கனடாவின் டொரன்டோ பொது நூலகமும் தாக்குதலுக்கு உள்ளானது. அங்கே கையால் எழுதி நூல் வழங்கினார்கள். திரும்பிவந்த நூல்களைப் பதிவுசெய்ய வழியில்லாமல் வண்டிகளில் அடுக்கிவைத்தார்கள். நம் நாட்டிலும் 2022 நவம்பர் 23ஆம் நாள் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கணினிகள் முடக்கப்பட்டு, பல நாள்கள் கையெழுத்தாலேயே பணி நடந்தது.

இனி என் சொந்தத் தவறு ஒன்றைக் கூறுகிறேன். நான் முன்பு பணியாற்றிய ஒரு பள்ளியில் நூலகக் கணினிக்கு ஒரே கடவுச்சொல் போதும் என்று சொன்னவன் நானே. அது ஒரு சீட்டில் எழுதப்பட்டுக் கணினித் திரையின் ஓரத்தில் ஒட்டப்பட்டிருந்தது. தன் அபராதத்தை அழிப்பதற்காக அதைப் பயன்படுத்திய ஒரு மாணவன், மாணவியர் சிலரின் தொலைபேசி எண்களையும் குறித்துக்கொண்டு வெளியே கொடுத்துவிட்டான். ஒரு மாணவிக்கு அறியாதவர்களிடமிருந்து அழைப்புகள் வந்தன. அவள் நம் சமூகத்துப் பிள்ளை. நாள்தோறும் மாலையில் நூலகத்தில் அமர்ந்து படிப்பவள். அவள் தந்தை என்னிடம் வந்து, "ஐயா, நீங்கள் சொன்னீர்கள் என்றுதான் அனுப்பினேன்" என்று மட்டும் கூறினார். அதன் பிறகு அவள் நூலகத்திற்கு வரவில்லை. பையனைக் கண்டித்தோம். ஆனால் சீட்டை ஒட்டவிட்டவன் யார்?

நம் சங்கத்தின் பதிவேடு அதைவிட எச்சரிக்கையாகக் காக்கப்பட வேண்டியது. அதில் பெயர் இருந்தாலே சாதி தெரியும். எந்தத் தெரு, எந்த வீடு, எந்தப் பெண் எந்த நேரத்தில் படிக்க வருகிறாள் என்பதும் தெரியும். அது தீய எண்ணம் கொண்டவர் கையில் சிக்கினால் என்னவாகும் என்பதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அப்படியானால் நாம் செய்யவேண்டியது என்ன?

முதலாவதாக, தேவையற்றதைக் கேட்கக் கூடாது. ஒரு நூலை இரவல் கொடுப்பதற்குச் சாதிச் சான்றிதழும் ஆதார் எண்ணும் எதற்கு? பெட்டியில் இல்லாத பொருளை எவரும் திருட முடியாது. நூல் திரும்பி வந்ததும் எடுத்தவர் பெயரை அதிலிருந்து நீக்கிவிடும் வசதி கோஹாவில் உண்டு. அதைப் பயன்படுத்த வேண்டும்.

இரண்டாவதாக, பொறுப்பில் உள்ள ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் கடவுச்சொல்லும் இரண்டாவது சரிபார்ப்பும் வேண்டும். பொறுப்பிலிருந்து விலகியவரின் அனுமதியை அன்றே நீக்க வேண்டும். நூலகர் பணிபுரியும் பக்கத்தை வெளி இணையத்திலிருந்து எவரும் எட்ட முடியாதபடி வைக்க வேண்டும்.

மூன்றாவதாக, திருத்தங்களை உடனுக்குடன் ஏற்ற வேண்டும். இதை நெய்வேலி மக்களுக்கு விளக்குவது எளிது. நம் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரிப் படுகைக்குக் கீழே, நீர் பேரழுத்தத்துடன் மேல்நோக்கி முட்டிக்கொண்டிருக்கிறது. இராட்சத மோட்டார்கள் இரவு பகலாக அந்நீரை இறைத்துக்கொண்டே இருப்பதால்தான் சுரங்கத்தின் அடித்தளம் நிற்கிறது. நேற்று இறைத்தோமே, இன்று போதும் என்று எவரும் நிறுத்துவதில்லை. மென்பொருளும் அப்படியே. மாதந்தோறும் ஒரு நாளைக் குறித்து, ஒருவரைப் பெயர் சொல்லிப் பொறுப்பாக்கி, செய்ததைக் குறிப்பேட்டில் எழுதிவைக்க வேண்டும்.

நான்காவதாக, நகல்கள் வேண்டும். ஒன்று கணினியில், ஒன்று அதனோடு இணைக்கப்படாத தனி வட்டில், ஒன்று வேறோர் ஊரில் இருக்கட்டும். நகல் வேலை செய்கிறதா என்று ஆண்டுக்கு இருமுறையேனும் திறந்து பார்க்க வேண்டும். 1981ஆம் ஆண்டில் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்களும் கிடைத்தற்கரிய சுவடிகளும் அழிந்தன. வேறெங்கும் படியில்லாதவை மீளவே இல்லை. அயோத்திதாசப் பண்டிதர் 1907ஆம் ஆண்டில் தொடங்கிய இதழில் எழுதியவை 1999ஆம் ஆண்டில் தொகுதிகளாக வெளிவர முடிந்ததற்குக் காரணம், பழைய இதழ்களை எவரோ காத்துவைத்திருந்தமையே. நம் கையெழுத்துப் பதிவேட்டையும் எடைக்குப் போட்டுவிட வேண்டாம் என்று மூத்தோர்களை வேண்டுகிறேன்.

ஐந்தாவதாக, தவறு நேர்ந்தால் மறைக்கக் கூடாது. கணினியின் இணைய இணைப்பை உடனே துண்டித்து, உறுப்பினர்களுக்கு உண்மையைச் சொல்லி, 1930 என்ற எண்ணிலோ காவல் நிலையத்திலோ தெரிவிக்க வேண்டும். இத்தகைய தாக்குதல்களை ஆறு மணி நேரத்திற்குள் அறிவிக்க வேண்டும் என்று மைய அரசின் கணினி அவசரநிலைக் குழு 2022ஆம் ஆண்டிலேயே ஆணையிட்டிருக்கிறது.

இளைஞர்களே! உங்களில் பலர் பொறியியலும் கணினியும் படித்திருக்கிறீர்கள். வெளியே வேலை தேடும் நாள்களில் வாரத்திற்கு ஒரு மாலைப் பொழுதை இந்தப் படிப்பகத்திற்குத் தாருங்கள். கோஹாவின் நிரலைப் படியுங்கள். குறை கண்டால் அதை எழுதியோருக்கு அறிவியுங்கள். நாம் வாங்கிய மொய்க்கு அதுவே திருப்பிச் செய்யும் மொய்.

ஒரு தந்தை தம் மகளை நம் படிப்பகத்திற்கு அனுப்பும்போது நம்மிடம் அவள் பெயரையும் ஒப்படைக்கிறார். அப்பெயரைக் காப்பது, அவள் கையில் நூலைக் கொடுப்பதற்கு இணையான கடமை.