தோள் கொடுத்த பாதை

வள்ளத்தைக் கரையேற்ற நாலு பேர் தோள் கொடுப்பது மீனவர் வாழும் குருநகரில் வழமைதான். முன்பின் தெரியாத ஊருக்காக, நாட்கணக்கில் அப்படி உழைக்கப் போனவர்களும் இருக்கிறார்கள்.

1958இல் கொழும்பு நாலந்தா கல்லூரி ஆசிரியர் ஏ. ரி. ஆரியரத்ன, மாணவர்களோடு கனத்தொலுவை என்ற கிராமத்துக்குப் போனார். சாதியின் பெயரால் ஒதுக்கப்பட்ட ஊர் அது. அங்கேயே தங்கி, ஊராரோடு சேர்ந்து வேலை செய்தார்கள். உழைப்பைத் தானமாகத் தரும் சர்வோதய சிரமதான இயக்கம் அப்படித்தான் பிறந்தது. பிறகு அதனால் எத்தனையோ கிராமங்களுக்குப் பாதை கிடைத்தது.

பாதை வெட்டுகிறவர் முதலில் தண்ணீரைப் படிக்க வேண்டும். சரிவில் நேரே கீழிறக்கினால், ஒரே மாரியில் பாதை வாய்க்காலாகிவிடும். குறுக்காகக் கொண்டுபோய், பள்ளப்பக்கம் சற்றே சரித்துவிட்டால் மழைநீர் தங்காமல் வழிந்துவிடும். இந்த நுட்பம் மண்வெட்டி பிடித்தால்தான் கைவரும். வரும் விடுமுறையில் பிள்ளைகளை ஒரு சிரமதான முகாமுக்கு அனுப்பிப் பாருங்கள்.