குழாய் வந்தது; கண்மாயைக் காப்பது யார்?



மழையறியாத பூமி என்று நம் பகுதியைப் பிறர் இகழ்வதுண்டு; நாமே அப்படிச் சொல்லி நொந்துகொள்வதும் உண்டு. உண்மை என்ன? விருதுநகர் மாவட்டத்தின் ஆண்டுச் சராசரி மழை ஏறத்தாழ 800 மில்லிமீட்டர். தேம்சு நதி தவழும் இலண்டன் மாநகரிலோ 600 அளவில்தான்! அங்கே ஆண்டு முழுதும் தூறுகிறது. இங்கே ஐப்பசியிலும் கார்த்திகையிலும் கொட்டிவிட்டு வானம் வாய்மூடிக்கொள்கிறது. எஞ்சியதை வெயில் குடித்துவிடுகிறது.

இதனை அறிந்த முன்னோர், ஒரு கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்தால் அந்நீர் அடுத்த ஊர்க் கண்மாய்க்குச் சேரும்படிச் சங்கிலி கோத்தனர். கரிசலுக்கு அடியில் பல ஊர்களில் கிணற்று நீர் உவர். ஆகவே குடிப்பதற்கென்றே ஊருணி வெட்டினர். அதில் மாட்டை இறக்கக் கூடாது, துணி துவைக்கக் கூடாது என்று கட்டுப்பாடும் வைத்தனர்.

அந்தப் பழமையைப் பொற்காலம் என்று பாட நான் இங்கு வரவில்லை. கூடையில் மண் சுமந்தவர் ஒருவர். படியிறங்கி நீர் மொள்ளும் உரிமை பெற்றவர் வேறொருவர் என்பதுதானே பல ஊர்களின் நிலை! 1858இல் வெள்ளையர் அரசு கொண்டுவந்த கட்டாய உழைப்புச் சட்டத்தைத்தான் குடிமராமத்துச் சட்டம் என்று அழைத்தனர். பெயரில் குடி இருந்தது, உரிமையில் இருந்ததா?

திருச்சுழிப் பகுதி இராமநாதபுரம் சமீனில் இருந்தது. 1948ஆம் ஆண்டுச் சட்டம் சமீனை ஒழித்தது, மகிழ்ந்தோம். ஆயக்கட்டு 40 எக்டேருக்கு மேற்பட்ட கண்மாய்கள் பொதுப்பணித் துறைக்கும், சிறியவை ஊராட்சி ஒன்றியங்களுக்கும் என்றாயிற்று. ஒரே சங்கிலியில் மேற்கண்மாய்க்கு ஓர் அலுவலகம், கீழ்க்கண்மாய்க்கு வேறோர் அலுவலகம். இரண்டுக்கும் இடையிலுள்ள வரத்துக்கால் யாருடையது? கேட்டுப் பாருங்கள், எதிர்த்திசையைக் கை காட்டுவார்கள்.

பிறகு குழாய் வந்தது. தாமிரபரணி நீர் அருப்புக்கோட்டை நெசவாளர் வீட்டுக் குடத்தில் விழுகிறது. அதைக் குறை சொல்பவன் குடம் சுமந்தறியாதவன். ஆயினும் குழாய் என்றால் மோட்டார் உண்டு, மின்சாரம் உண்டு, வால்வு உண்டு, அதைத் திறந்து மூட ஓர் ஆளும் உண்டு. இவற்றில் ஒன்று படுத்தால் ஊரே படுக்கும். நம் நாட்டிலோ அடிக்கல்லுக்கு மாலை விழுகிறது. வால்வுக்கு எண்ணெய் விழுவதில்லை!

2016 அக்டோபரில் நடந்திருக்க வேண்டிய ஊராட்சித் தேர்தல் 2019 டிசம்பர் வரை நடக்கவில்லை. அந்த மூன்றாண்டுக் காலம், குழாய் வறண்டால் வெறுங்குடத்தோடு நின்ற தாய் யார் வாசலுக்குப் போயிருப்பாள்? அதே காலத்தில், 2017இல், 100 கோடி ரூபாயில் 1,519 நீர்நிலைகளுக்கு குடிமராமத்து அறிவித்தனர். குடிகள் தேர்ந்தெடுத்த மன்றம் இல்லாத ஊரில் குடிமராமத்து! தூர் வாருவது ஒருநாள் விழா அன்று. வரத்துக்கால் அடைபட்டிருந்தால், தூர் வாரிய கண்மாய் ஆழமான வெற்றிடமாகவே கிடக்கும்.

இன்னொன்றும் கேளுங்கள். திருச்சுழியைத் தொட்டுச் செல்லும் குண்டாறு, கமுதி வழியாக மூக்கையூர் அருகே மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. கடற்கரையிலும் தீவுகளிலும் மணலுக்கடியில் நன்னீர் உப்புநீரின்மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடிக்கு உப்பு விலகி நிற்கும். மிகையாக இறைத்தால் உப்பு மேலேறும். இராமேசுவரம் தீவுக்கும் இன்று காவிரி நீர் குழாயில் போகிறது. குழாயை நம்பி ஊற்றைக் கைவிடும் ஆபத்து அவர்களுக்கும் உண்டு, நமக்கும் உண்டு.

ஆகவே, பருவமழை தொடங்குமுன் ஒரு வேலை. கிராம நிர்வாக அலுவலரிடம் சென்று ‘அ’ பதிவேட்டில் உங்கள் கண்மாயின் பரப்பைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கரையிலும் வரத்துக்காலிலும் நடந்து, மடை எப்படியுள்ளது, கால் எங்கே அடைபட்டுள்ளது, அடைத்தவர் யார் என்று எழுதுங்கள். அடைத்தவர் நம் கட்சிக்காரராக இருந்தால், அவர் பெயரை முதல் வரியில் எழுதுங்கள்.