கம்பெனி காசு கட்டுதுன்னா நாம கேள்வி கேட்கக் கூடாதா?

நெய்வேலி நகரியத் தெருமுனைக் கூட்டத்தில் நமது கட்சி சார்பில் ஆற்றப்பட்ட உரை:



சுரங்கத்துல ஷிஃப்ட் முடிச்சு வந்து நிக்கிறீங்க. நேரா விஷயத்துக்கு வர்றேன்.

ஆஸ்பத்திரியில தப்பு நடந்தா நம்மாளு என்ன சொல்றார்? "கம்பெனிதானே காசு கட்டுது, நாம எப்படிக் கேட்கிறது?" தோழர்களே, கேட்கலாம். சட்டம் உங்க பக்கம் இருக்கு.

1986-இல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. "வைத்தியம் வியாபாரம் இல்லை, இந்தச் சட்டம் எங்களைக் கட்டுப்படுத்தாது" என்று தனியார் மருத்துவர்கள் நீதிமன்றம் போனார்கள். 1994-இல் சென்னை உயர் நீதிமன்றமும் ஒரு டாக்டரின் வழக்கில் அதையே ஏற்றுக்கொண்டது. அதோட முடிஞ்சிருந்தா நமக்குக் கதவு சாத்தியாச்சு!

ஆனால் உச்ச நீதிமன்றத்தில் கதை மாறியது. இந்திய மருத்துவச் சங்கமே வாதாடியும், 1995 நவம்பர் 13 அன்று மூன்று நீதிபதிகள் அமர்வு தெளிவாகச் சொன்னது: கட்டணம் வாங்கிச் செய்யும் வைத்தியம் 'சேவை'தான். பணி நிபந்தனைப்படி தொழிலாளிக்கும் குடும்பத்துக்கும் நிர்வாகம் செலவு ஏற்றாலும், அது இலவசம் ஆகாது. ஏன்னா அது தர்மம் இல்லை, உங்க உழைப்புக்கான உரிமை. இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்கும் இது பொருந்தும் என்று 2007-இல் தீர்ப்பு வந்தது.

விட்டார்களா? 2019-இல் புதுச் சட்டம் வந்ததும் மறுபடி வழக்கு. 2022-இல் தள்ளுபடி. 1995 தீர்ப்பை மறுபரிசீலனை செய்யலாமா என்ற கேள்வி 2024-இல் எழுந்தது. தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் அந்த ஆண்டு நவம்பரிலேயே முடித்துவிட்டது.

நாங்க டாக்டர்களுக்கு எதிரி இல்லை. நோயாளி பிழைக்கலைன்னா அதெல்லாம் டாக்டர் தப்பும் இல்லை. கவனக்குறைவு நடந்ததுன்னு நாமதான் நிரூபிக்கணும். அதனால சிகிச்சைப் பதிவுகளை எழுதிக் கேளுங்க. 72 மணி நேரத்துல கொடுக்கணும்னு மருத்துவக் கவுன்சில் விதி இருக்கு. இரண்டு வருஷத்துக்குள்ள கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல மனு போடலாம். வக்கீல் வெச்சே ஆகணும்னு கட்டாயம் இல்லை.

ஒரு ஓட்டை மட்டும் இருக்கு. எல்லாருக்கும் முழு இலவசமாகப் பார்க்கிற அரசு ஆஸ்பத்திரி இந்தச் சட்டத்துக்குள்ள வராது. நிரந்தரத் தொழிலாளி கேள்வி கேட்கலாம். அதே சுரங்கத்துல, அதே தூசியில வேலை செய்து, அரசு ஆஸ்பத்திரி வரிசையில நிக்கிற ஒப்பந்தத் தொழிலாளி இந்த ஆணையத்துக்குப் போக முடியாது. இது என்ன நியாயம்? அவருக்கும் அந்த உரிமை வேணும். அதைக் கேட்கத்தான் இந்தக் கூட்டம்.

உரிமையைத் தெரிஞ்சுக்கோங்க. பக்கத்து வட்டத்துக்காரருக்கும் சொல்லுங்க!