ராஜாக்களின் போலந்தும் மக்களின் போலந்தும்

(சிஞ்ச்வட்டில் நடந்த சங்கத்தின் மாதக் கூட்டத்தில், ரயில்வே கிளார்க்காகப் பணிபுரியும் நம் அமைப்பாளர் ஆற்றிய உரை)



நோட்டீஸில் போலந்து என்று பார்த்துவிட்டு, "நம்ம சந்துக்குத் தண்ணி வரலை, இதுல போலந்து எதுக்கு?" என்று ஒரு அக்கா வாசலிலேயே கேட்டுவிட்டார். நியாயமான கேள்வி. நான் பத்தாவது வரை படித்தவன். பார்சல் கணக்கு எழுதுகிறவன். சரித்திரப் பேராசிரியர் அல்ல. ஆனால் போலந்து என் கண்ணில் பட்டதே ஒரு ரயில்வே ஸ்டேஷனில்தான்.

மிரஜிலிருந்து கோலாப்பூர் போகும் பாதையில், கோலாப்பூருக்குச் சற்று முன்னால் வளிவடே என்று ஒரு சிறிய ஸ்டேஷன் இருக்கிறது. 1943 முதல் 1948 வரை அங்கே ஏறக்குறைய ஐயாயிரம் போலந்துக்காரர்கள் அகதி முகாமில் வாழ்ந்தார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். அவர்கள் போன பிறகு, தேசப் பிரிவினையில் சிந்து மாகாணத்தை இழந்து வந்த மக்களை அதே முகாமில் குடியேற்றினார்கள். அதுதான் இன்று காந்திநகர் ஜவுளிச் சந்தை. நம் பக்கத்துப் பிம்ப்ரி கேம்ப்பும் அப்படி சிந்தி அகதிகளால் உண்டான இடம்தான் என்பது உங்களுக்குத் தெரியும்.

பனி பெய்யும் நாட்டு ஜனங்கள் இந்தக் கரும்புக் காட்டுக்கு எப்படி வந்தார்கள்? அவர்களுக்கு ராஜா இல்லையா, நாடு இல்லையா? இதைத் தேடிப் போனபோதுதான் நம்மைப் பற்றியும் சில விஷயங்கள் எனக்கு விளங்கின.

இருந்தது தோழர்களே, பெரிய ராஜ்ஜியமே இருந்தது. "போலே" என்றால் அவர்கள் மொழியில் வயல். வயல்வெளி மக்கள் என்பதுதான் அந்த இனத்தின் பெயர். மியெஷ்கோ என்ற தலைவன் 966-ல் ஞானஸ்நானம் பெற்றான். அவன் மகன் போலெஸ்லாவ், வீரன் என்று பட்டப்பெயர் கொண்டவன், 1025-ல் முதல் ராஜாவாக முடி சூட்டிக்கொண்டான்.

1025 என்றதும் நம் தம்பிகள் நிமிர்ந்து உட்காருகிறார்கள். ஆமாம், அதே 1025-ல்தான் ராஜேந்திர சோழனின் கப்பற்படை கடாரத்தின் மேல் போனது. இரண்டுக்கும் ஆயிரம் ஆண்டு ஆகிவிட்டது. நம் சங்கத்தில் இப்போது நடக்கும் விவாதமும் இதுதான். சங்கப் பணத்தை எடுத்து ராஜேந்திரனுக்குப் பெரிய விழா எடுக்க வேண்டும், ஸ்டேஷன் ரோடு முழுக்கப் பேனர் கட்ட வேண்டும், அப்போதுதான் இந்த ஊரில் நமக்கு மதிப்பு என்கிறார்கள் தம்பிகள். அவர்கள் ஆசையை நான் கேலி செய்யவில்லை. வேலை செய்யும் இடத்தில் "ஏ அண்ணா" என்று ஏளனமாகக் கூப்பிடப்படுகிறவனுக்கு, என் பாட்டன் கடல் கடந்து வென்றவன் என்று சொல்லிக்கொள்வது ஒரு மருந்துதான். ஆனால் அந்த மருந்தை நம்பி மோசம்போன ஒரு ஜனத்தின் கதையை முதலில் கேளுங்கள்.

போலெஸ்லாவ் கட்டிய ராஜ்ஜியத்தை அவன் வம்சத்தில் வந்த இன்னொரு போலெஸ்லாவ் 1138-ல் சாகும்போது பிள்ளைகளுக்குப் பாகம் பிரித்துக் கொடுத்தான். பங்காளிச் சண்டை ஏறக்குறைய இருநூறு ஆண்டு நடந்தது. 1320-ல்தான் ஒரு ராஜா கிராக்கோவ் நகரில் முடிசூடி நாட்டை மறுபடி ஒட்டவைத்தான். அவன் மகன் காசிமிர் 1333 முதல் 1370 வரை ஆண்டான். சட்டங்களைத் தொகுத்தான், கல்லால் கோட்டைகள் கட்டினான், 1364-ல் கிராக்கோவில் பல்கலைக்கழகம் தொடங்கினான். மற்ற தேசங்களில் துரத்தப்பட்ட யூதர்களுக்குப் பாதுகாப்புத் தந்தான். குடியானவர்களின் ராஜா என்று அவனுக்குப் பெயர். அப்படி ஒரே ஒருவனுக்குத்தான் பெயர் வந்தது என்பதைக் கவனியுங்கள்.

காசிமிருக்கு ஆண் வாரிசு இல்லை. அடுத்து வந்த லூயிக்கும் பெண் மக்கள்தான். தன் மகளை ஏற்றுக்கொள்ளச் செய்வதற்காக 1374-ல் அவன் பிரபுக்களுக்குப் பெரும் வரிச்சலுகை கொடுத்தான். அந்த மகள் யாட்விகாவுக்கு 1384-ல், பத்துப் பதினோரு வயதில், ராணி என்றல்ல, ராஜா என்றே பட்டம் கட்டினார்கள். லித்துவேனியாவின் தலைவன் யாகெல்லோவுக்கு அவளை மணமுடித்து இரண்டு நாட்டையும் சேர்த்தார்கள். 1410-ல் குருன்வால்ட் என்ற இடத்தில் ஜெர்மன் சிலுவை வீரர் படையைத் தோற்கடித்தார்கள். ஐரோப்பாவின் மிகப் பெரிய ராஜ்ஜியங்களில் ஒன்றானது போலந்து. பேனர் கட்டுகிறவர்கள் இந்த இடத்தில்தான் கதையை நிறுத்துவார்கள்.

நாம் நிறுத்த வேண்டாம். அந்த வெற்றியில் வயல்வெளி மக்களுக்கு என்ன கிடைத்தது?

பட்டத்துக்கு ஒருமுறை பிரபுக்களிடம் சலுகை பேரம் பேசிப் பழகிவிட்டார்கள் ராஜாக்கள். 1496-ல் சட்டம் வந்தது: ஒரு கிராமத்திலிருந்து வருஷத்துக்கு ஒரே ஒரு குடியானவன்தான் ஊரை விட்டுப் போகலாம். பிழைப்புத் தேடி ஊரை விட்டு வந்திருக்கும் நமக்கு இதன் கனம் தெரியும். 1520-ல் இன்னொரு சட்டம்: ஒவ்வொரு குடியானவனும் வாரத்தில் ஒரு நாளாவது பிரபுவின் நிலத்தில் கூலியில்லாமல் உழைக்க வேண்டும். போகப் போக அது மூன்று நாள், நாலு நாள் என்று ஏறியது.

நம் ஊரில் இதற்கு என்ன பெயர்? வெட்டி. இன்றும் "வெட்டி வேலை" என்கிறோமே, அந்தச் சொல் சோழர் கல்வெட்டுகளில் கிடக்கிறது. மராட்டியில் வேட்பிகார் என்கிறார்கள். ராஜேந்திரன் கடாரம் வென்ற காலத்திலும் தஞ்சையில் சேற்றில் நின்றவன் நின்றுகொண்டுதான் இருந்தான். அவன் அப்பா ராஜராஜனின் கல்வெட்டிலேயே தீண்டாச்சேரி என்று தனியாக ஒரு குடியிருப்பு எழுதப்பட்டிருக்கிறது. அந்தச் சேரிகளிலிருந்து வந்த குடும்பங்களும் இந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கின்றன. பேனரில் யார் படத்தைப் போடுகிறோம் என்பதை அவர்களிடமும் கேட்க வேண்டாமா?

போலந்தில் தேர்தலும் இருந்தது. 1573 முதல் ராஜாவையே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தார்கள். முதலில் ஜெயித்தவர் ஒரு பிரெஞ்சு இளவரசர். சொந்த நாட்டில் அண்ணன் இறந்து சிம்மாசனம் காலியானதும், மறு வருஷமே ராத்திரியோடு ராத்திரியாகக் கிராக்கோவை விட்டு ஓடிவிட்டார். ஓட்டு யாருக்கு? பிரபு வம்சத்துக்கு மட்டும். மக்களில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் அவர்கள் இல்லை. நாமும் உத்திரமேரூர் குடவோலையைச் சொல்லிப் பெருமைப்படுகிறோம். கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, வேதப் படிப்பு இருந்தால்தான் அந்தக் குடத்தில் பெயர் விழும். நம்மில் எத்தனை பேர் பெயர் விழுந்திருக்கும்?

பிரபுக்களின் சுதந்திரம் எங்கே போய் முடிந்தது? சபையில் ஒரே ஒருவன் "ஒப்பவில்லை" என்றால் போதும், முழுச் சபையும் கலையும். 1652-ல் இது முதல் தடவை நடந்தது. பிறகு அண்டை நாட்டுக்காரன் ஒரு பிரதிநிதிக்குப் பணம் கொடுத்தாலே போலந்தை முடக்கிவிடலாம் என்றானது. 1772, 1793, 1795 என மூன்று தவணையில் ரஷ்யாவும் பிரஷ்யாவும் ஆஸ்திரியாவும் நாட்டைப் பங்கு போட்டன. அதன் பிறகு 123 ஆண்டு காலம் போலந்து என்ற சுதந்திர நாடு இல்லை.

இந்த நேரத்தில் வயல்வெளி மக்கள் எங்கே இருந்தார்கள்? 1794-ல் கொஸ்ஸியுஸ்கோ என்ற தளபதி வெட்டி நாட்களைக் குறைப்பதாக அறிவித்தார். குடியானவர்கள் அரிவாளை நிமிர்த்திக் கட்டிக்கொண்டு அவர் பின்னால் போய் ரஷ்ய பீரங்கிகளையே பிடித்தார்கள். ஆனால் காலம் கடந்துவிட்டது. 1846-ல் நடந்தது இன்னும் கொடுமை. ஆஸ்திரியாவின் பங்கில் பிரபுக்கள் போலந்து விடுதலைக்காகக் கிளம்பியபோது, குடியானவர்கள் பிரபுக்களையே வெட்டிப் போட்டார்கள். நூற்றுக்கணக்கான மாளிகைகள் சூறையாடப்பட்டன. தாய்நாடு என்ற சொல் அவர்கள் காதில் சவுக்குச் சத்தமாகத்தான் விழுந்தது. கடைசியில் அந்தத் தளையை அவிழ்த்தது யார்? 1848-ல் ஆஸ்திரியச் சக்கரவர்த்தி, 1864-ல் ரஷ்யச் சக்கரவர்த்தி. அந்நியன் செய்ததைச் சொந்த ராஜ்ஜியம் செய்யவில்லை. இதை மறக்கக்கூடாது தோழர்களே.

பிறகு இந்த மக்கள் எப்படி ஒன்றானார்கள்? இங்கேதான் எனக்குப் போலந்தின் மேல் மரியாதை பிறக்கிறது.

ராஜா போனான், சபை போனது, கொடி போனது. மிஞ்சியது மொழி ஒன்றுதான். பள்ளிக்கூடத்தில் ரஷ்ய மொழி, ஜெர்மன் மொழி என்று உத்தரவு. வார்சாவில் 1880-களில் பெண்கள் வீடு வீடாக இடம் மாற்றி ரகசிய வகுப்பு நடத்தினார்கள். அதற்குப் பறக்கும் பல்கலைக்கழகம் என்று பெயர். அதில் படித்த ஒரு பெண் பின்னால் பாரீஸில் புதிய மூலகம் கண்டுபிடித்து, 1898-ல் அதற்குப் பொலோனியம் என்று தன் நாட்டின் பெயரை வைத்தாள். அப்போது உலகப் படத்தில் அந்த நாடே இல்லை. அவர்தான் மேரி கியூரி. 1901-ல் விஷெஸ்னியா என்ற ஊரில், வேத பாடத்துக்கு ஜெர்மனில் பதில் சொல்ல மாட்டோம் என்று குழந்தைகள் வாய் மூடி உட்கார்ந்தார்கள். வாத்தியார் அடித்தார். கேட்கப் போன பெற்றோருக்குச் சிறை.

குடியானவன் பிள்ளையும் பிரபு பிள்ளையும் ஒரே புத்தகத்தைப் படித்த பிறகுதான் போலந்து மக்கள் என்று ஒரு இனம் முழுசாக உருவானது. 1918-ல் நாடு திரும்பக் கிடைத்தது.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். தங்கள் மொழிக்காக அடிபட்டவர்கள், நாடு கிடைத்ததும் தங்கள் நாட்டிலிருந்த உக்ரேனிய மக்களின் பள்ளிகளை நெருக்கினார்கள். மொழியின் பெயரால் அடிபட்டவன் அடிக்கவும் கற்றுக்கொள்கிறான். இது நமக்கும் எச்சரிக்கை.

1939-ல் ஹிட்லரும் ஸ்டாலினும் இரண்டு பக்கமும் நுழைந்தார்கள். 1940, 41-ல் கிழக்குப் போலந்திலிருந்து லட்சக்கணக்கானோரை ரயில் வேகன்களில் அடைத்து சைபீரியாவுக்கும் கஜகஸ்தானுக்கும் அனுப்பினார்கள். சரக்கு வேகனில் ஆள் ஏற்றுவது என்றால் என்ன என்று தினமும் வேகன் எண்ணுகிற எனக்குத் தெரியும். பிழைத்தவர்களில் ஒரு பகுதியினர் ஈரானுக்கு வந்து, அங்கிருந்து கராச்சி வழியாக இந்தியா வந்தார்கள். நவாநகர் ஜாம் சாகிப் நூற்றுக்கணக்கான குழந்தைகளைப் பாலாசடியில் வைத்துக் காத்தார். வளிவடேயில் அந்த ஐயாயிரம் பேர் இறங்கினார்கள்.

இறங்கியவர்கள் தங்கள் ராஜாக்களுக்குச் சிலை வைக்கவில்லை. பள்ளிக்கூடம் வைத்தார்கள். சின்னக் குழந்தைகளுக்கும் பெரிய பிள்ளைகளுக்கும் போலந்து மொழியில் வகுப்பு நடந்தது. கோயில், ஆஸ்பத்திரி, நாடக மேடை எல்லாம் வந்தன. யுத்தம் முடிந்தபோது அவர்களுடைய ஊர்கள் சோவியத் எல்லைக்குள் போய்விட்டன. பலர் இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் கப்பலேறினார்கள். செத்தவர்களின் கல்லறைகள் கோலாப்பூரில் இருக்கின்றன. அந்த முகாமில் வளர்ந்த பிள்ளைகள் தலை நரைத்த பிறகும் வளிவடேயைத் தேடி வந்தார்கள். 2017-ல் வார்சாவிலேயே கோலாப்பூருக்கு ஒரு நினைவுச் சின்னம் எழுப்பப்பட்டது. சோறு போட்ட ஊரை அவர்கள் மறக்கவில்லை.

இன்னொருவரையும் சொல்லி முடிக்கிறேன். மாரிஸ் பிரீட்மன் என்று வார்சாவில் பிறந்த யூத எஞ்சினியர், பெங்களூர் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். ஔந்த் சமஸ்தானத்தில் (பூனாவுக்குள் இருக்கும் ஔந்த் அல்ல, சாத்தாரா பக்கம் உள்ள ஔந்த்) ராஜா தன் அதிகாரத்தைக் கிராமப் பஞ்சாயத்துகளுக்குக் கொடுக்கும் சட்டம் 1939-ல் வந்தது. காந்தியின் ஆலோசனையோடு அதை உருவாக்கியவர்களில் பிரீட்மன் ஒருவர். ராஜாக்கள் நிறைந்த நாட்டிலிருந்து வந்தவர், ஒரு ராஜா இறங்கி வருவதற்கு ஏணி பிடித்தார்.

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். ஊரிலிருந்து கோயில் கொடை நோட்டீஸ் வந்தது. என் மகளிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். அவள் அதை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "பாபா, நீங்களே படிச்சுச் சொல்லுங்க" என்றாள். நல்ல பெண், மராட்டியில் முதல் மார்க். குற்றம் அவளுடையது அல்ல, சங்கம் சங்கம் என்று சுற்றிக்கொண்டு வீட்டில் ஒரு எழுத்து சொல்லித் தராத என்னுடையது. இங்கே எத்தனை வீட்டில் இதே கதை? ராஜேந்திரன் பேனரை ஸ்டேஷன் ரோட்டில் கட்டினால், அதில் எழுதியிருப்பதை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் படிப்பார்கள்?

ஆகவே என் தீர்மானம் இதுதான். சங்கப் பணம் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புக்குப் போகட்டும். பாயும் கரும்பலகையும் எழுத்துப் புத்தகமும் வாங்குவோம். எழுதப் படிக்கத் தெரியாத தாய்மார்களும் பிள்ளைகளோடு உட்காரலாம், வெட்கம் வேண்டாம். அதே பாயில் வாரம் ஒருமுறை பெரியவர்களுக்கு மராட்டி வகுப்பும் நடக்கட்டும். ரேஷன் ஆபீஸிலும் முனிசிபாலிட்டியிலும் நாமே பேசினால்தான், அந்த அக்கா கேட்ட தண்ணீரும் வரும். சோறு போடும் ஊரின் மொழியை மதிக்காமல் நம் மொழிக்கு மதிப்புக் கேட்க முடியாது.

தம்பிகளே, ராஜேந்திரன் படத்தை அந்த வகுப்பறைச் சுவரில் மாட்டுங்கள், நானே ஆணி அடிக்கிறேன். அவன் கப்பல்களைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். அந்தக் கப்பலில் துடுப்புப் பிடித்தவனைப் பற்றியும், அவன் ஊரில் வெட்டி உழைத்தவளைப் பற்றியும் சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள்.

தீர்மானத்தைத் தலைவர் ஓட்டுக்கு விடுவார். நிலம் வேண்டாம், சொந்த மனை வேண்டாம். ஆண், பெண் என்று பார்க்காமல் எல்லோரும் கை தூக்கலாம்.