வெளியுறவில் பெண்ணுக்கு என்ன வேலை?



பெண்ணுக்கு ஓட்டு வேண்டும் என்று கேட்டபோது, "அடுப்படியில் இருப்பவளுக்கு அரசியல் என்ன தெரியும்?" என்றார்கள். ஓட்டு வாங்கினோம், சட்டசபைக்கும் போனோம். இப்போது அந்தக் கேலி கொஞ்சம் தள்ளிப்போய் உட்கார்ந்திருக்கிறது. "உள்ளூர் விவகாரம் எல்லாம் சரியம்மா, வெளியுறவில் பெண்ணுக்கு என்ன வேலை? போர், எல்லை, எண்ணெய், ஆயுதம், இதெல்லாம் பெரிய இடத்து விஷயம்" என்கிறார்கள். 2014-இல் சுவீடன், இனித் தன்னுடையது பெண்ணிய வெளியுறவுக் கொள்கை என்று அறிவித்தது. உடனே, மார்கோட் வால்ஸ்ட்ரோம் என்ற அமைச்சரின் தலையில் உதித்த மேல்நாட்டு மோஸ்தர் என்று அதற்கு முத்திரை குத்திவிட்டார்கள்.

வால்ஸ்ட்ரோம் அந்தப் பிள்ளைக்குப் பெயர் வைத்தார். பெற்றவர்கள் வேறு ஆட்கள். அவர்களைப் பற்றிப் பேசத்தான் இன்று இந்த மேடையில் நிற்கிறேன்.

1915 ஏப்ரல். ஐரோப்பா பற்றி எரிகிறது. 22-ஆம் தேதி ஈப்ர போர்முனையில் ஜெர்மன் படை குளோரின் வாயுவைத் திறந்துவிட்டது. ஆறே நாளில், 28-ஆம் தேதி, ஹேக் நகரத்தில் 12 நாடுகளிலிருந்து 1,100-க்கும் மேற்பட்ட பெண்கள் வந்து கூடினார்கள். அலெட்டா யாகோப்ஸ் என்ற டச்சு மருத்துவர் கூட்டிய மாநாடு. அமெரிக்காவின் ஜேன் ஆடம்ஸ் தலைமை. ஜெர்மன்காரியும் பெல்ஜியம்காரியும் ஒரே மண்டபத்தில்! இங்கிலாந்திலிருந்து 180 பெண்கள் புறப்படத் தயாராக இருந்தார்கள். வடகடலில் கப்பல் போக்குவரத்தே நிறுத்தப்பட்டது. மூன்றே மூன்று பேர்தான் போய்ச் சேர முடிந்தது. அமெரிக்கப் பெண்களைச் சுமந்து வந்த கப்பலையும் டோவர் அருகே நாள்கணக்கில் நிறுத்தி வைத்தார்கள். கடலையே ஆண்ட அரசாங்கத்துக்குக் கையில் காகிதத்தோடு வரும் பெண்களைக் கண்டு அப்படி என்ன பயம்?

பயப்படக் காரணம் இருந்தது ஐயா. அந்தத் தீர்மானங்களைப் படித்துப் பாருங்கள். நடுநிலை நாடுகள் ஓயாமல் சமரசம் பேச வேண்டும் என்றார்கள். ஒரு நிலப்பரப்பில் வாழும் ஆண், பெண் இருபாலாரின் சம்மதம் இல்லாமல் அதை இன்னொருவனுக்குக் கைமாற்றக் கூடாது என்றார்கள். வெளியுறவுக் கொள்கை மக்களின் கட்டுப்பாட்டுக்கு வர வேண்டும், பெண்ணுக்கும் வாக்குரிமை வேண்டும் என்றார்கள். எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று: ஆயுத உற்பத்தியில் தனியார் அடிக்கும் லாபம் போரை ஒழிப்பதற்குத் தடை, ஆகவே அந்தத் தொழிலை அரசே எடுத்துக்கொள்ள வேண்டும், பன்னாட்டு ஆயுத வியாபாரத்தைக் கட்டுப்படுத்த வேண்டும் என்றார்கள். இந்தத் தீர்மானத்தை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு தேவைப்படும்.

தீர்மானம் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகவில்லை அவர்கள். பெர்லின், வியன்னா, லண்டன், பெட்ரோகிராட் என்று தலைநகரம் தலைநகரமாக ஏறி இறங்கி, பிரதமர்களையும் வெளியுறவு அமைச்சர்களையும் நேரில் பார்த்துக் கொடுத்தார்கள். உட்காரச் சொன்னார்கள், கேட்டுக்கொண்டார்கள், போரை நடத்தினார்கள். ஆனால் அந்த மாநாட்டிலிருந்து வளர்ந்து 1919-இல் பெயர் பெற்ற அமைதிக்கும் விடுதலைக்குமான பெண்கள் பன்னாட்டுக் கழகம் இன்றும் இருக்கிறது.

நடுவில் நடந்ததை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1945-இல் ஐ.நா. சாசனத்தில் கையெழுத்திட்ட 160 பேரில் பெண்கள் நான்கு. அந்த நால்வரில் பிரேசிலின் பெர்த்தா லுட்ஸும் டொமினிகன் குடியரசின் மினர்வா பெர்னார்டினோவும் விடாப்பிடியாக நின்றதால் சாசனத்தில் பெண்ணுரிமை ஏறியது. மேல்நாட்டு மோஸ்தர் என்பவர்கள் இந்த இரண்டு பேரின் ஊரையும் வரைபடத்தில் தேடிப் பார்க்கட்டும். மெக்சிகோ, கோபன்ஹேகன், நைரோபி, பெய்ஜிங் என்று பெண்களுக்காக நான்கு உலக மாநாடுகள். பிறகு 2000-ஆம் ஆண்டு. ஹேக்கில் கருக்கொண்ட அதே கழகமும் வேறு சில அமைப்புகளும் சேர்ந்து பாதுகாப்பு சபையின் கதவைத் தட்டின. வங்கதேசத் தூதர் அன்வாருல் சவுத்ரி உள்ளிருந்து கைகொடுத்தார். நமீபியா தலைமை வகித்த அக்டோபர் மாதத்தில், 31-ஆம் தேதி, 1325-ஆம் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. போரை நிறுத்தும் பேச்சிலும் அமைதியைக் கட்டும் வேலையிலும் பெண்கள் இருந்தாக வேண்டும் என்று பாதுகாப்பு சபையே ஒப்புக்கொண்ட நாள் அது.

காகிதத்தில் ஒப்புக்கொண்டார்கள். களத்தில்? 2003-இல் கானாவின் அக்ரா நகரத்தில் லைபீரியாவுக்கு அமைதிப் பேச்சு நடந்தது. படைத்தலைவர்கள் நல்ல ஓட்டலில் தங்கி, எந்தப் பதவி யாருக்கு என்று பேரம் பேசிக்கொண்டே வாரங்களைத் தள்ளினார்கள். ஊரிலோ குண்டு விழுந்துகொண்டிருந்தது. லைபீரியப் பெண் லேமா போவீயும் அவரோடு வந்த பெண்களும் மண்டபத்து வாசலில் கைகோத்து உட்கார்ந்துவிட்டார்கள். உடன்பாடு இல்லாமல் ஒருத்தனும் வெளியே வரக் கூடாது! கைது செய்யக் காவலர்கள் வந்தார்கள். போவீ எழுந்து நின்று தன் துணியைத் தானே அவிழ்க்கத் தொடங்கினார். தாயின் நிர்வாணத்தைப் பார்ப்பது அந்த மண்ணில் பெரும் சாபம். காவலர்கள் பின்வாங்கினார்கள். நடுவராக இருந்த நைஜீரியாவின் முன்னாள் ஆட்சியாளர் அபூபக்கரே ஓடி வந்து அவர்களிடம் பேச வேண்டியதாயிற்று. ஆகஸ்ட் 18-இல் உடன்பாடு கையெழுத்தானது.

அதே 2003-இல் நம் பக்கத்தில் என்ன நடந்தது? இலங்கை அமைதிப் பேச்சில் பெண்களுக்கென்று ஒரு துணைக்குழு அமைத்தார்கள். அரசு தரப்பில் ஐந்து பெண்கள், புலிகள் தரப்பில் ஐந்து பெண்கள். மார்ச்சில் கிளிநொச்சியில் கூடினார்கள். ஏப்ரலில் பெரிய மேசையில் பேச்சு முறிந்தது, துணைக்குழுவும் அதோடு போயிற்று. பெரிய மேசையில் இடம் கொடுக்காமல் பக்கத்து அறையில் நாற்காலி போட்டால் இதுதான் கதி. 1325 வந்து பதினைந்து ஆண்டில் அது எங்கெல்லாம் ஏட்டோடு நின்றுபோனது என்று ஐ.நா.வுக்கே கணக்கெடுத்துக் கொடுத்தவரும் ஓர் இலங்கைத் தமிழ்ப் பெண்தான், ராதிகா குமாரசுவாமி.

இப்போது சுவீடனுக்கு வருவோம். உரிமை, பிரதிநிதித்துவம், வளம் என்று மூன்று அடித்தளம் போட்டார் வால்ஸ்ட்ரோம். சோதனை எங்கிருந்து வந்தது தெரியுமா? ஆயுதத்திலிருந்து. சவூதியில் எழுத்தாளர் ஒருவருக்குக் கொடுத்த சவுக்கடியை அவர் கண்டித்தார். 2015 மார்ச்சில் கெய்ரோவில் அரபு லீக் மேடையில் அவரைப் பேச விடாமல் தடுத்தார்கள். சவூதியோடு இருந்த ராணுவ ஒத்துழைப்பு ஒப்பந்தத்தைச் சுவீடன் புதுப்பிக்கவில்லை. சவூதி தன் தூதரைத் திரும்ப அழைத்துக்கொண்டது. அதைவிடப் பெரிய கூச்சல் சுவீடனுக்குள்ளேயே எழுந்தது. ஒப்பந்தத்தை விட்டுவிடாதீர்கள், வியாபாரம் கெடும் என்று பெரிய கம்பெனித் தலைவர்கள் சேர்ந்து பத்திரிகையில் எழுதினார்கள். 1915-இல் ஹேக் பெண்கள் கைவைத்த அதே இடம் தோழர்களே! நூறு வருஷம் கழித்தும் அங்கேதான் வலிக்கிறது.

வால்ஸ்ட்ரோமாவது அந்த இடத்தைத் தொட்டார். கனடா? 2017-இல் தன் வெளிநாட்டு உதவிக்குப் பெண்ணியக் கொள்கை என்று பெயர் சூட்டியது. சவூதிக்குக் கவச வண்டிகள் விற்க 2014-இல் போட்ட, சுமார் 1,500 கோடி கனடா டாலர் ஒப்பந்தம் மட்டும் அப்படியே ஓடியது. 2018-இல் பெண்ணுரிமைப் போராளி சமர் பதாவியை விடுதலை செய்யச் சொல்லிக் கனடா குரல் கொடுத்தது. சவூதி கனடாத் தூதரை வெளியேற்றியது. தூதர் போனார், வண்டிகள் நிற்கவில்லை. சிறையில் கிடக்கும் பெண்ணுக்கு அனுதாபம், சிறை வைத்தவனுக்குக் கவச வண்டி. இதைப் பெண்ணியம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

2022 அக்டோபரில் சுவீடனில் ஆட்சி மாறியது. புதிய வெளியுறவு அமைச்சர் பில்ஸ்ட்ரோம் வந்ததும் வராததுமாக அந்தப் பெயரையே தூக்கி எறிந்தார். இங்கே சிலருக்கு அதில் ஒரே கொண்டாட்டம்: "பார்த்தீர்களா, மோஸ்தர் முடிந்தது!" அமைச்சர் கொடுத்ததை அமைச்சர் எடுத்துக்கொண்டார், அவ்வளவுதான். 1325-ஐ அப்படி எந்த அமைச்சராலும் எடுத்துவிட முடியவில்லை. அதைக் கொண்டுவந்த பெண்கள் அதை எந்த ஆட்சியின் தயவிலும் விட்டுவைக்கவில்லை.

நம் வீட்டுக் கணக்கையும் பார்த்துவிடலாம். சென்னைப் பெண்கள் கிறித்தவக் கல்லூரியில் படித்த சி.பி. முத்தம்மா, இந்திய வெளியுறவுப் பணியின் முதல் பெண் அதிகாரி. அந்தப் பணியில் ஒரு விதி: பெண் அதிகாரி கல்யாணம் செய்ய அரசிடம் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும்; குடும்பப் பொறுப்பு வேலையைக் கெடுக்கும் என்று அரசுக்குத் தோன்றினால் ராஜினாமா செய்யச் சொல்லலாம். ஆணுக்கு இந்த விதி கிடையாது. அவர் உச்ச நீதிமன்றம் போனார். 1979-இல் நீதிபதி கிருஷ்ணய்யர் அந்த விதிகளைக் கிழித்துத் தோரணம் கட்டினார். 2007-இல், உலகிலேயே முதன்முறையாக முழுக்கப் பெண்களே கொண்ட ஐ.நா. காவல் படைப் பிரிவை லைபீரியாவுக்கு அனுப்பியதும் இந்தியாதான். பெருமைதான், மறுக்கவில்லை. ஆனால் 1325-ஐ நடைமுறைப்படுத்த நேபாளம் 2011-இலும், வங்கதேசம் 2019-இலும், இலங்கை 2023-இலும் தேசியச் செயல்திட்டம் போட்டுவிட்டன. இந்தியாவிடம் அப்படி ஒன்று இல்லை. நம் ராணுவத் தளவாட ஏற்றுமதியோ 2023-24-இல் 21,000 கோடி ரூபாயைத் தாண்டிவிட்டது.

ஆகவே இந்த மேடை இரண்டே கோரிக்கை வைக்கிறது. பெண்கள் அமைப்புகளை உட்கார வைத்துப் பேசி எழுதிய செயல்திட்டம் ஒன்று வேண்டும். எந்த ஆயுதம் எந்த நாட்டுக்குப் போகிறது, அங்கே அது யார் மீது பாய்கிறது என்று நாடாளுமன்றத்தில் வருஷா வருஷம் கணக்குச் சொல்ல வேண்டும். வாசலில் மனு இருக்கிறது. கையெழுத்துப் போடுங்கள். திங்கட்கிழமை காலை நம் எம்.பி. அலுவலகத்துக்கு எடுத்துக்கொண்டு போகிறோம். வர முடிந்தவர்கள் எல்லாரும் கூட வாருங்கள்.